ஓரறைத் திகிற்படங்கள்

1943ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் இரவு அமெரிக்க வானொலியில் அரைமணி நேர நாடகமொன்று ஒலிபரப்பாயிற்று. அதனை எழுதியவர் லூசில் ஃபிளெச்சர் என்னும் பெண்மணி. ‘சொரி, ரோங் நம்பர்’ என்பது நாடகத்தின் பெயர்; ‘மன்னிக்கவும், இலக்கம் பிழை’ எனத் தமிழிற் கூறலாம். நோயாளியாய்ப் படுக்கையிற் கிடக்கும் செல்வச் சீமாட்டி ஒருத்தி, இன்னும் வீடு திரும்பாத கணவனுடன் பேசுதற்குத் தொலைபேசியை எடுக்கிறாள். இணைப்பு எங்கோ பின்னிக்கொண்டமையால் முன்பின் அறியாத ஆடவர் இருவர் உரையாடுவது அவள் காதில் விழுகிறது. அன்றிரவு பதினொன்றே காலுக்கு, பாலத்தின்மேற் புகைவண்டி செல்லும் ஓசையில் அலறல் அமுங்கிவிடும் வேளை பார்த்து, ஒரு பெண்ணைக் கொல்வதற்கு அவர்கள் திட்டமிடுகின்றனர். அவள் இணைப்பு நிலையத்தை அழைக்கிறாள், பொலிசாரை அழைக்கிறாள். பணிவாகப் பதில் சொல்கிறார்கள், எவரும் நம்புவதாயில்லை. மணி நகர்கிறது. கொல்லப்படப் போகிறவள் யாரென்பதை, அவள் உணர்வதற்குச் சற்று முன்னரே கேட்பவர் உணர்ந்துவிடுகின்றனர்.

இந்நாடகத்துக்கு வேண்டியிருந்தவை யாவை? ஒலிவாங்கி ஒன்று, எக்னஸ் மூர்ஹெட் என்னும் தேர்ந்த நடிகையின் குரல், துணைக் குரல்கள் சில, தொலைபேசி மணியையும் புகைவண்டியையும் ஒலிக்கச் செய்யும் கலைஞர். இவ்வளவே. அந்த அறையின் திரைச்சீலை என்ன நிறம், கட்டில் எந்தப் பக்கம், மாடிப்படி எங்கே என்று எவரும் விளக்கிக் கொண்டிருக்கவில்லை. கேட்டவர் ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் ஓர் அறையைக் கட்டிக்கொண்டனர்; தாம் கட்டிய அறையிலேயே இருந்து அஞ்சினர். நாடகத்துக்குக் கிடைத்த வரவேற்பினால் மூர்ஹெட் அதனை வானொலியிற் பன்முறை நடிக்க நேர்ந்தது.

1948இல் அது திரைப்படமாயிற்று. திரைக்கதை எழுதியவரும் அதே ஃபிளெச்சர்தாம். அனற்றோல் லிட்வாக் நெறிப்படுத்தினார். நாயகியாக நடித்த பார்பரா ஸ்டான்விக்கின் பெயர் ஒஸ்கார் பரிசுக்கும் முன்மொழியப்பட்டது. படம் திறமையான படமே. ஆயினும் அரைமணிக் கதையை ஒன்றரை மணியாக்க வேண்டியிருந்தமையாற் கமரா அறையைவிட்டுப் புறப்பட்டது. அவள் காதலித்த கதை, மணந்த கதை, கணவன் தவறான வழியில் இறங்கிய கதை எல்லாம் பின்னோக்கிச் சென்று காட்டப்பட்டன. பார்வையாளருக்குச் செய்தி கூடிற்று, அச்சம் குறைந்தது. அடைத்த அறையில் இருப்பவருக்கு இடையிடையே சாளரத்தைத் திறந்துவிட்டாற்போல் ஆயிற்று. காற்று வருவது உடலுக்கு நல்லது; இவ்வகைக் கதைக்கு அது கேடு.

காட்டுதற்கு வசதியிருந்தாற் காட்டிவிட வேண்டுமென்பது திரைப்படக் கலையின் இயல்பான சபலம். அவ்வசதி இல்லாதபோது, அல்லது இருந்தும் வேண்டாமென மறுத்தபோது, திரைப்படம் தன் பழைய அயலவனாகிய வானொலி நாடகத்தை நெருங்கி வருகிறது. குறைந்த செலவில், ஓர் அறைக்குள், சில பாத்திரங்களை மட்டும் கொண்டு எடுக்கப்படும் உளவியற் றிகிற்படங்கள் இவ்வாறு பிறந்தவை. இங்கே திகில் என்பது பேயுமன்று. இருட்டில் மின்னும் கத்தியுமன்று. ‘கேட்டதும் கருதியதும் சரிதானா, தன் அறிவைத் தான் நம்பலாமா’ என்று ஒருவன் தன்னையே ஐயுறும் நிலைதான் இப்படங்களின் நடுக்கம். அந்த ஐயம் பார்வையாளரையும் பற்றிக்கொண்டாலே படம் வென்றதாகும்.

முதலிற் பணக்கணக்கைப் பார்த்துவிடலாம். படமெடுப்போரின் பணம் பெரும்பாலும் இடம் மாறுவதிலும் காத்திருப்பதிலும் கரைகிறது. ஆளையும் பொருளையும் ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்ல வேண்டும். மழை ஓயவும் வெயில் எறிக்கவும் காத்திருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் விளக்குகளைப் புதிதாக அமைக்க வேண்டும். ஒரு நாள் கூடினால் அத்தனைபேர் கூலியும் கூடும். ஓரறைக்குள் அடங்கிய கதைக்கு இத்தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. ஆகவே கைம்முதல் குறைந்த இளைஞர் பலர் தம் முதற்படத்துக்கு ஓர் அறையைத் தேடிப் புகுவது வழக்கமாயிற்று. புகுந்தவர் பலர், அதனாற் பெயர் பெற்றவர் சிலரே. ஏனெனில் செலவைக் குறைக்கும் அதே சுவர்கள் எழுத்தாளனின் கழுத்தை நெரிக்க வல்லவை.

அறைக்குள் ஒருவனை வைத்ததும் பார்வையாளர் கேட்கும் முதற் கேள்வி, ‘இவன் ஏன் கதவைத் திறந்துகொண்டு போகவில்லை?’ என்பதே. இதற்கு விடையில்லாத கதை பத்து நிமிடத்துக்கு மேல் நில்லாது. லறி கோஹென் என்னும் எழுத்தாளர், முழுப்படமும் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நடைபெறும் கதையொன்றை 1960களிலே அல்பிரட் ஹிச்கொக்கிடம் எடுத்துரைத்தார். ஹிச்கொக்கோ ‘லைஃப்போட்’ என்னும் படத்தை 1944இல் ஒரேயொரு படகுக்குள்ளும், ‘ரோப்’ என்னும் படத்தை 1948இல் ஒரேயொரு வீட்டுக்குள்ளும் எடுத்து முடித்தவர். அவருக்கும் எண்ணம் பிடித்திருந்தது. ஆனால் அந்த மனிதன் கூண்டைவிட்டு ஏன் வெளியேறவில்லை என்பதற்கு இருவராலும் காரணம் காண முடியவில்லை. முப்பது ஆண்டுகளின் பின்னரே கோஹெனுக்கு விடை தோன்றிற்று: எதிர்க்கட்டடத்தில் துப்பாக்கியுடன் ஒருவன் குறிபார்த்திருக்கிறான், வைத்தாற் சுடுவேன் என்கிறான். ‘ஃபோன் பூத்’ என்ற பெயரில் 2002இல் அது படமாயிற்று. ஒரு கதவை அடைப்பதற்கு ஓர் எழுத்தாளனுக்கு முப்பது ஆண்டுகள் சென்றன.

1957இல் வெளியான ‘டுவெல்வ் ஆங்ரி மென்’ என்னும் படத்தில் அக்கதவைச் சட்டமே அடைத்துவிடுகிறது. ‘கோபங்கொண்ட பன்னிருவர்’ என்று தலைப்புக்குப் பொருள். இதனைத் திகிற்படத்தோடு சேர்த்து எண்ணலாமா என்று சிலர் வினவக்கூடும். கொலையாளி எவனும் இதில் ஒளிந்திருக்கவில்லை. எவருக்கும் உயிராபத்து நேரவில்லை. ஆனால் அறைக்கு வெளியே ஓர் உயிர் காத்திருக்கிறது. தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பதினெட்டு வயது இளைஞன் அவன். குற்றவாளியெனத் தீர்த்தால் மரணதண்டனை நிச்சயம். எழுவர் கொண்ட ஜூரி முறையை அறிந்த இலங்கை நேயருக்கு ஒன்று நினைவிருக்க வேண்டும்: அங்கே ஜூரர் பன்னிருவர், பன்னிருவரும் ஒருமனப்பட்டாலன்றித் தீர்ப்பில்லை. முதல் வாக்கெடுப்பிற் பதினொருவர் ‘குற்றவாளி’ என்கின்றனர். ஒருவர் மட்டும் கைதூக்கவில்லை.

இக்கதையை எழுதிய றெஜினால்ட் றோஸ், தாமே ஒரு வழக்கில் ஜூரராயிருந்த அனுபவத்தினின்றும் அதனை ஆக்கினார். 1954இல் தொலைக்காட்சி நாடகமாய் வந்தது. நடிகர் ஹென்றி ஃபொன்டாவும் றோஸும் சேர்ந்து படமாகத் தயாரித்தனர். நெறியாளர் சிட்னி லூமெற்றுக்கு அதுவே முதற்படம். செலவு 3,50,000 டொலருக்கு மேற்படவில்லை. இரண்டு வாரம் நாடகம்போல ஒத்திகை. பின்னர் ஏறத்தாழ 20 நாட் படப்பிடிப்பு. தொண்ணூற்றாறு நிமிடப் படத்தில் சில நிமிடங்கள் தவிர எஞ்சியவை யாவும் அந்த ஒரு மேசையைச் சுற்றியே நடைபெறுகின்றன.

சிக்கனத்துக்காக லூமெற் கையாண்ட முறை கேட்கத்தக்கது. ஓர் ஆசனத்துக்கு விளக்கமைத்துவிட்டால், அந்த ஆசனத்தில் இருப்பவர் பேசும் பேச்சுக்கள் கதையின் எப்பகுதியில் வந்தாலும் எல்லாவற்றையும் அப்போதே படமாக்கிவிடுவது. பின்னரே அடுத்த ஆசனம். இவ்வாறு மேசையை மும்முறை வலம் வந்தனர்: பகல் வெளிச்சத்துக்கு ஒரு முறை, மழைமேகம் கவியும் பொழுதுக்கு ஒரு முறை, மின்விளக்கு ஏற்றிய பின்னர் ஒரு முறை. ஆகவே திரையில் ஒருவன் சீறுவதும் மற்றவன் பதில் சொல்வதும் அடுத்தடுத்து வந்தாலும், அவற்றை எடுத்த நாட்கள் வேறு வேறு. சினம் எந்த அளவில் நின்றது என்பதை நடிகர் பல நாள் நினைவில் வைத்திருந்து, விட்ட இடத்தில் தொடர வேண்டும். இரண்டு வார ஒத்திகை வீண்செலவன்று என்பது இதனால் விளங்கும்.

இதனினும் நுட்பமானது வேறொன்றுண்டு. படத்தின் முதற் பகுதியிற் கமரா கண்மட்டத்துக்கு மேலே நிற்கிறது. அறை விசாலமாகத் தெரிகிறது. நடுப்பகுதியிற் கண்மட்டத்துக்கு இறங்குகிறது. கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே தாழ்ந்து நிமிர்ந்து பார்க்கிறது. கூரை தெரியத் தொடங்குகிறது. வில்லைகளும் படிப்படியாக மாற்றப்பட்டமையால், சுவர்கள் மனிதர்களின் முதுகோடு ஒட்டி வருவனபோல் தோன்றுகின்றன. ஓர் அங்குலமும் அசையாத அறை சிறுத்துக்கொண்டே போகிறது. ஒளிப்பதிவாளர் போறிஸ் கவுஃப்மனின் கைவண்ணம் அது. பார்வையாளர் எவரும் இதனைக் கவனிப்பதில்லை. ஆயினும் எல்லோருக்கும் மூச்சு முட்டுகிறது. தீர்ப்பு முடிந்து யாவரும் நீதிமன்றப் படிகளில் இறங்கும் கடைசிக் காட்சியில், படத்தில் வேறெங்கும் பயன்படாத மிக அகன்ற வில்லையொன்றை லூமெற் வைத்தார். அப்போதுதான் மூச்சு வருகிறது.

ஆயினும் படத்தின் உயிர் வில்லையில் இல்லை. கொலையை ஜூரர் எவரும் காணவில்லை. சாட்சியங்களைக் கேட்டவர்கள் மட்டுமே. பார்வையாளரோ சாட்சியங்களைக்கூடக் கேளாதவர். ஜூரர் வாய்மொழியாகவே யாவற்றையும் அறிபவர். நொண்டி நடக்கும் முதியவர் ஒருவர், பதினைந்து விநாடியிற் கட்டிலிலிருந்து வாசலுக்கு வந்து கொலையாளி ஓடக் கண்டதாகச் சாட்சி கூறியிருக்கிறார். ஜூரர் அறையிற் கதிரைகளை இழுத்துப் போட்டு அந்த வீட்டை அமைத்து, ஒருவர் நொண்டி நடக்க, மற்றொருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாற்பது விநாடிக்கு மேற் செல்கிறது. அந்த முதியவரின் வீடு அந்த நாலு கதிரைக்குள் வந்துவிடுகிறது. வானொலி நாடகம் செய்யும் வேலை இது.

மற்றவர் மனம் மாறிய பின்னும் ஒருவர் மட்டும் இறுதிவரை ‘குற்றவாளி’ என்றே முழங்குகிறார். அவருடைய வாதங்கள் சிந்திப்போருக்குப் பொருந்தாதவையுமல்ல. ஆனால் அவர் தண்டிக்க நினைப்பது கூண்டிலே நிற்கும் எதிரியையன்று. தம்மோடு பகைத்து வீட்டைவிட்டுப் போன சொந்த மகனை. அஃது அவருக்கே தெரியாது. தெரிய வரும் கணத்தில் அவர் அழுகிறார். பத்துக் கொலைக்காட்சியைக் காட்டிலும் பார்ப்போரை உலுக்குவது அந்த அழுகை. மேலும் ஒன்று: அந்த இளைஞன் உண்மையில் தந்தையைக் கொன்றானா, இல்லையா என்பதைப் படம் கடைசிவரை கூறுவதேயில்லை. நியாயமான ஐயம் உண்டு என்பது மட்டுமே தீர்மானமாகிறது. பணம் மிகுந்த படமாயிருந்தால் முடிவில் அந்தக் கொலையைக் காட்டி, உண்மைக் கொலையாளியின் முகத்தையும் காட்டியிருப்பார்கள்.

பெர்லின் திரைப்பட விழாவில் அவ்வாண்டே முதற்பரிசு பெற்ற இப்படம், அமெரிக்கப் படமாளிகைகளில் எதிர்பார்த்த வசூலைப் பெறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், கனடாவில் வின்சென்சோ நற்றாலி என்னும் இளைஞர் ‘கியூப்’ என்ற படத்தை எடுத்தார். ஆறு பேர் தாம் எங்ஙனம் வந்தோமென அறியாமல் ஒரு கனசதுர அறைக்குள் விழித்தெழுகின்றனர். ஆறு பக்கமும் ஆறு கதவு; ஒவ்வொன்றையும் திறந்தால் அதேபோல் இன்னோர் அறை; சில அறைகளிற் கொலைப்பொறி. ஆயிரக்கணக்கான அறைகளாகத் தோன்றும் அந்தச் சிறைக்கு உண்மையிற் கட்டப்பட்டது பதினான்கு அடிச் சதுர அறை ஒன்றும், மற்றொன்றின் சிறு பகுதியுமே. சுவரின் பலகைகளுக்கு நிறம் மாற்றினால் அடுத்த அறை. நிறம் மாற்ற நேரம் பிடித்தமையால், சிவப்பறைக் காட்சிகள் யாவற்றையும் ஒருசேர எடுத்து முடித்தே நீல அறைக்குச் சென்றார்கள். லூமெற்றின் ஆசனக் கணக்கே இங்கு நிறக் கணக்காயிற்று. பாத்திரங்களுக்குக் குவென்ரின், ஹொலோவே, றென், கசான் என்று உலகின் சிறைச்சாலைகளின் பெயர்களைச் சூட்டியிருப்பது சிறு விளையாட்டு. விளையாட்டில்லாத பகுதியும் உண்டு. அறுவரில் ஒருவன் அச்சிறையின் வெளிக்கூட்டை வரைந்த வரைஞன். எதற்காக வரைகிறோம், யாருக்காக வரைகிறோம் என்று கேளாமலே சம்பளத்துக்கு வரைந்தவன். கட்டியவர் யாரென்று அவனுக்கும் தெரியாது; எவருக்குமே தெரியாமல் இருக்கக்கூடும் என்கிறான். பொறிகள் உடலை அறுக்கும் காட்சிகளை மறந்தவர்களும் இந்தப் பேச்சை மறப்பதில்லை.

இதே வழியில் வந்து பெரும்பொருள் ஈட்டியது 2004இல் வெளியான ‘சோ’. பதினெட்டு நாளில், ஏறத்தாழ 12 இலட்சம் டொலரில் எடுக்கப்பட்டு, பத்துக்கோடிக்கு மேல் வசூலித்தது. பாழடைந்த குளியலறையொன்றில் இருவர் சங்கிலியிற் கட்டுண்டு கிடக்கும் தொடக்கம் நல்ல தொடக்கமே. பின்னர் தொடர்ந்து வந்த பாகங்களில் மனம் ஒதுங்கிற்று; தசையும் குருதியும் எஞ்சின. பிள்ளைகளுக்குக் காட்டத் தகாதவை என்பதைவிட, பெரியவர்களுக்கும் பயனற்றவை என்பதே சரி. அறையின் நெருக்கடியை மனத்தின் நெருக்கடியாக்கத் தெரியாதவர்கள் உடலை வெட்டத் தொடங்குகின்றனர்.

ஸ்பானிய நெறியாளர் றொட்றிகோ கோர்ட்டெஸ் 2010இல் எடுத்த ‘பரீட்’ அறையையும் விட்டுச் சவப்பெட்டிக்குள் இறங்கிற்று. ஈராக்கிற் பாரவண்டி ஓட்டும் அமெரிக்கன் ஒருவன் பெட்டிக்குள் உயிரோடு புதைக்கப்பட்டிருக்கிறான். கையில் ஒரு தீமூட்டியும் கைத்தொலைபேசியும். தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் திரையில் ஏறத்தாழ அவன் முகம் மட்டுமே. பார்சிலோனாவில் 17 நாளில் எடுத்தார்கள். வேறு வேறு கோணங்களுக்காக ஏழு பெட்டிகள் செய்தார்கள். அவன் அழைக்கும் அலுவலகங்கள் ஒவ்வொன்றும் பெயரையும் இலக்கத்தையும் கேட்டுக் காத்திருக்கச் சொல்வது, மண் சரிவதைவிடக் கொடிது. பெட்டிக்குள் இருப்பவனின் துயரைக் கந்தோர் வாசலில் நின்ற எவரும் ஓரளவு அறிவர்.

தமிழில் இவ்வகையில் எண்ணத்தக்க முயற்சி 2019இல் வெளிவந்த ‘ஒத்த செருப்பு சைஸ் 7’. எழுதி, தயாரித்து, நெறிப்படுத்தி நடித்தவர் பார்த்திபன். திரையில் தோன்றும் நடிகரும் அவர் ஒருவரே. கொலைச் சந்தேகத்தின்பேரிற் பொலிஸ் விசாரணை அறைக்குக் கொண்டுவரப்பட்ட மாசிலாமணி என்னும் காவற்காரனாக அவர் வருகிறார். விசாரிக்கும் அதிகாரிகள் முதலாக மற்ற அனைவரும் குரல்களாக மட்டுமே உள்ளனர். இந்தியாவில் ஒற்றை நடிகர் படம் புதிதன்று. சுனில் தத் 1964இல் ‘யாதேன்’ என்னும் ஹிந்திப் படத்தில், மனைவி மக்களைக் காணாத வீட்டிலே தனியே உலவினார். ஆனால் அது துயரப்படம். மாசிலாமணியின் அறையில் ஓடுவது சதுரங்கம். அழுவதுபோல் அவன் சொல்லும் சேதியில் எது உண்மை, எது வலை என்று விசாரிப்போரும் பார்ப்போரும் ஒருங்கே மயங்குகின்றனர். சொற்சிலம்பம் சற்று மிகுதி. சில இடங்களிற் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு எழுத்தாளரே பேசுகிறார். எனினும் இந்தியத் தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசோடு, ஒலிக்கலவைக்கான பரிசும் றசூல் பூக்குட்டி வாயிலாக இப்படத்துக்கே கிடைத்தது. முகங்களைக் காட்டாத படம் ஒலிக்காகப் பரிசு பெற்றமை பொருத்தமே.

வானொலி நேயர் ஒரே ஒரு படத்தைத்தான் தேர்ந்து பார்க்க இயலுமெனில், அது 2018இல் டென்மார்க்கிலிருந்து வந்த ‘தி கில்ட்டி’யாக இருக்கட்டும். டேனிஷ் மொழிப் பெயருக்கும் ‘குற்றவாளி’ என்றே பொருள். நெறியாளர் குஸ்ரவ் முல்லருக்கு அது முதற்படம். கடத்திச் செல்லப்படும் பெண்ணொருத்தி, கடத்தியவன் பக்கத்தில் இருக்கவே, அவசர உதவி இலக்கத்துக்குப் பேசிய உண்மை ஒலிப்பதிவொன்றை அவர் ஒருமுறை கேட்டாராம். கேட்டு முடித்தபோது அந்த வண்டியையும் வீதியையும் பெண்ணின் முகத்தையும் தாம் கண்டுவிட்டதாகத் தோன்றிற்று. வேறொருவர் கேட்டால் வேறொரு முகத்தைக் காண்பார் என்பதும் தோன்றிற்று. அந்த எண்ணமே படமாயிற்று. படப்பிடிப்பு 13 நாட்கள்.

அஸ்கர் ஹொல்ம் என்பவன் வீதிப்பணியிலிருந்து விலக்கப்பட்டு அவசர அழைப்பு நிலையத்தில் இருத்தப்பட்டுள்ள பொலிஸ்காரன். மறுநாட் காலை அவன் ஒரு வழக்கில் மன்றிலே நிற்க வேண்டும். என்ன வழக்கென்பது மெல்ல மெல்லவே தெரிகிறது. இரவுக் கடமை முடியுந் தறுவாயில் ஓர் அழைப்பு வருகிறது. ஈபன் என்னும் பெண், தன் குழந்தையோடு பேசுவதுபோற் பாவனை செய்துகொண்டு பேசுகிறாள். ஆம், இல்லை என்று மட்டும் விடை சொல்லும்படி அவன் வினவுகிறான். அவள் வண்டியொன்றில் இருக்கிறாள். ஓட்டுபவன் பிரிந்து வாழும் கணவன். அவள் வீட்டு இலக்கத்துக்கு அழைத்தால் ஆறு வயது மகள் பேசுகிறாள். தந்தை கோபத்தோடு வந்தார், அம்மாவை இழுத்துச் சென்றார் என்கிறது குழந்தை. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? அஸ்கருக்குக் கதை முழுவதும் விளங்கிவிட்டது. பார்வையாளருக்கும் விளங்கிவிட்டது.

அந்த அறையைவிட்டுக் கமரா ஓரடியும் வெளியே செல்லவில்லை. அழைப்பு வந்தாற் சிவப்பு விளக்கு எரியும், யன்னற் சீலையை இறக்கிவிட்டு அவன் பக்கத்து அறைக்குப் போவான், அவ்வளவே. குரல் கொடுத்த நடிகர்கள் வேறோர் அறையிலிருந்து உண்மையாகவே தொலைபேசியில் பேச, யாக்கொப் சீடர்கிறென் என்னும் நடிகர் அதைக் கேட்டுக் கேட்டு நடித்தார். ஆகவே அவர் முகத்தில் தெரிவது பெரும்பாலும் கேட்கும் முகம். பேசும் முகங்களை ஆயிரம் படத்திற் காணலாம். கேட்கும் முகத்தை இவ்வளவு நேரம் காட்டிய படம் அரிது. தொலைபேசியின் மறுமுனையில் மழை பெய்கிறது. வண்டியின் கண்ணாடித் துடைப்பான் அடிக்கிறது. சுற்றுக்காவலர் ஒரு வெள்ளை வண்டியை மறிக்கின்றனர். வண்டியின் கதவு திறக்கும் ஓசைக்காக அஸ்கரோடு சேர்ந்து படமாளிகை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. அது வேறு வண்டி.

அவன் கடமையின் எல்லையைத் தாண்டத் தொடங்குகிறான். நண்பனொருவனை அனுப்பி அக்கணவனின் வீட்டுக் கதவை உடைக்கச் சொல்கிறான். அந்தப் பெண்ணுக்குத் தைரியமூட்டி, கைக்குக் கிடைத்ததை எடுத்துத் தாக்கும்படி கூறுகிறான். நல்ல எண்ணம் அவனை விரைவாக நடத்துகிறது. பின்னர், அவள் சொல்லும் ஒரு சிறு வார்த்தையில், அவன் விளங்கிக்கொண்டவை யாவும் தலைகீழாகின்றன. அந்த வார்த்தை யாதென்று இங்கே கூறுவது, இனிப் பார்க்கவிருப்போருக்குச் செய்யும் துரோகமாகும். ஒன்றை மட்டும் கூறலாம். எவரும் அவனுக்குப் பொய் சொல்லவில்லை. குழந்தை சொன்னதும் உண்மை; பெண் சொன்னதும் உண்மை. இடைவெளிகளை நிரப்பியது அவன். கூடவே நிரப்பியவர் பார்வையாளர். தாம் கட்டிய அறையிலே தாமே அகப்பட்டவராய் அவர்கள் அமர்ந்திருக்கின்றனர்.

இவ்விடத்தில் அவனுடைய நாளைய வழக்கும் வெளிவருகிறது. வீதிப்பணியின்போது ஓர் இளைஞன் அவன் கையால் இறந்திருக்கிறான். அது தற்காப்பென்று சாட்சி சொல்ல ஒரு நண்பன் ஆயத்தமாயிருக்கிறான். அன்றிரவு பிழையாகக் கேட்டவன், அதற்கு முன்னரும் ஒருநாட் பிழையாகக் கண்டவனோ என்ற ஐயம் எழுகிறது. தொலைபேசியின் மறுமுனையில் ஓர் உயிர் விளிம்பிலே நிற்கிறது. அவ்வுயிரைத் தடுத்து நிறுத்த அவனிடம் உபதேசமொன்றும் இல்லை; தான் செய்ததைச் சொல்வதொன்றே அவனிடம் உள்ளது. அறையில் மற்ற ஊழியர் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். முதன்முறையாக அவன் கதவையும் சாத்தவில்லை, சீலையையும் இறக்கவில்லை.

2021இல் அமெரிக்கர் இதனை மீண்டும் எடுத்தனர். அன்ரொயின் ஃபுக்குவா நெறிப்படுத்த, ஜேக் ஜில்லென்ஹால் நடித்தார். பெருந்தொற்றுக் காலமாகையால் நெறியாளர் தனியே ஒரு வண்டிக்குள் இருந்தபடி, 11 நாளில் எடுத்து முடித்தார். ஓரறைக் கதையை எடுத்தவரே ஓரறைக்குள் அடைபட்டது விந்தை. கதை ஏறத்தாழ அதுவே. ஆயினும் நிலையத்தின் சுவரிற் பெருந்திரைகளை அமைத்து, அவற்றில் எரியும் காட்டைக் காட்டினர். நாயகன் உரக்கப் பேசுகிறான், உரக்க அழுகிறான். கண்ணுக்கு வேலை கிடைத்த அளவு காதுக்கு வேலை குறைந்தது. 1948இல் நேர்ந்ததே திரும்பவும் நேர்ந்தது.

டேனிஷ் படத்தின் இறுதியில் அஸ்கர் காதணியைக் கழற்றிவிட்டு எழுகிறான். அறையைக் கடந்து நடைவழியில் மெல்ல நடக்கிறான். முதுகு மட்டுமே தெரிகிறது. வெளிக்கதவை அண்மித்ததும் நின்று, சட்டைப்பையிலிருந்து தன் சொந்தத் தொலைபேசியை எடுத்து ஓர் இலக்கத்தை அழுத்திக் காதில் வைத்துக்கொள்கிறான். யாரை அழைக்கிறான் என்பது சொல்லப்படவில்லை. மறுமுனையில் எவரும் எடுக்குமுன்னர் திரை இருள்கிறது.